மட்டக்களப்பு டவுனில் வீட்டு வேலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்சி: என் அனுபவம், சம்பளக் கணக்கோடு

ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் அவர்கள் மூலம் வந்த ஆளுக்காக. ஆபீசுக்கு மட்டும் என்றால் அரைக்கு மேல் போடமாட்டேன்.

போன வருஷக் கடைசியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. போதனா வைத்தியசாலையில் மூன்று கிழமை, அங்கே நன்றாகத்தான் பார்த்தார்கள், வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. நான் வங்கியில் வேலை, கணவர் கட்டாரில், மகனுக்கு ஓ.எல். சோதனை. சொந்தக்காரர்கள் ஆளுக்கு இரண்டு நாள் வந்து நின்றார்கள், அதற்கு மேல் யாரைக் கேட்பது? கல்லடியில் நாலு பேரிடம் சொல்லிவைத்தும் தங்கி நிற்க ஒருவரும் அகப்படவில்லை. வேலை தெரிந்த பெண்கள் குவைத், சவூதி என்று போய்விடுகிறார்கள், மிச்சப் பேர் கார்மெண்ட். அதனால்தான் டவுனில் ஒரு மாடியில் இருக்கும் இந்த ஏஜென்சிக்குப் படியேறினேன். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

பதிவுக்கு 5,000 ரூபாய். ஆள் சரிவந்தால் ஒரு மாதச் சம்பளம் கொமிஷன். மூன்று மாதத்துக்குள் ஆள் போய்விட்டால் ஒரு தடவை வேறு ஆள் சும்மா தருவார்கள். இது எனக்கு நியாயமாகவே பட்டது. பற்றுச்சீட்டு கேட்டேன், புத்தகம் முடிந்துவிட்டதாம். அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

இன்டர்வியூ என்று அவர்கள் நடத்துவதைப் பார்க்க வேண்டும். வாங்கில் மூன்று பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள், எதிரே கதிரையில் நான், நடுவில் ஏஜென்சிக்காரர். நான் யாரிடம் என்ன கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வருகிறது. "எல்லாம் செய்வா மிஸ். நல்ல அமைதி. வாய் காட்டமாட்டா." சாமான் வாங்கப் போன மாதிரி எனக்கே கூச்சமாகிவிட்டது. அவர் கையில் ஒரு பெரிய பதிவுக் கொப்பி, அதில் பெயர், ஊர், வயதுக்குப் பக்கத்தில் 'குணம்' என்று ஒரு நிரல். வீட்டுக்கு வந்து சட்டத்தரணியாக இருக்கும் மச்சாளிடம் சொன்னேன், அவள் சிரித்தாள். 1871ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரன் வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்யச் சட்டம் போட்டு, நடத்தை எப்படி என்று எழுத ஆளுக்கொரு புத்தகமும் வைத்திருக்கச் சொன்னானாம். வேலைக்கு வைப்பவரின் குணத்தை எழுத மட்டும் அன்றைக்கும் நிரல் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அந்த மூன்று பேரில் ஒரு பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டது என்றார்கள். அடையாள அட்டை எங்கே என்றால் "எடுக்கக் குடுத்திரிக்கு". பார்த்தால் என் மகனின் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை. வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதை 2021இல் 14இலிருந்து 16 ஆக்கியிருக்கிறார்கள் என்பது தெரியும், அதே வருஷம் கொழும்பில் வேலைக்கு நின்ற மலையகச் சிறுமி தீக்காயத்தோடு இறந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. இரவில் எழும்பி ஒரு பெரிய மனுசியைத் தூக்கி இருத்துகிற வேலையை அந்தப் பிள்ளையின் தலையில் போட முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் என்றால் சொல் கேட்பார்களாம்.

ஒரு அக்காவை மட்டும், நாற்பத்தைந்து வயதிருக்கும், வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்க்கச் சொன்னேன். "அப்படி வழக்கம் இல்லை மிஸ்" என்றார். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்முனைப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்தார். வந்த செலவை முதலிலேயே கொடுத்துவிட்டேன், வேலை சரிவருமோ இல்லையோ அது அவருடைய காசு.

உண்மையான இன்டர்வியூ எங்கள் குசினியில்தான் நடந்தது. பிளேன்டீ குடித்துக்கொண்டு, அம்மாவைக் கதிரைக்கு மாற்ற வேண்டும், ஒருக்கா காட்டுங்கள் என்றேன். அவர் உடனே தூக்கப் போகவில்லை. "எந்தப் பக்கம் இழுத்தது?" என்று கேட்டார். கதிரையைக் கொண்டுபோய் அம்மாவின் வலப்பக்கம், வலு இருக்கிற பக்கம் வைத்தார், சாரியை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மாவிடம் "அம்மா, ஒண்டு ரெண்டு மூண்டு சொல்றன், நீங்களும் எழும்பப் பாருங்க" என்றார். சவூதியில் ஒரு கிழவியை மூன்று வருஷம் பார்த்தவராம். இதை அந்த ஆபீஸ் கொப்பியில் எந்த நிரலும் சொல்லவில்லை. 'சமையல் தெரியும்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

பிறகு அவர் என்னை இன்டர்வியூ செய்தார். அறைக்கு உள்பக்கம் கொண்டி இருக்கா? இரவில் பிள்ளையோடு போன் கதைக்கலாமா? வைகாசியில் ஊரில் கண்ணகி அம்மன் சடங்கு, கோயில் கதவு திறந்து கடைசிக் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை போய் நிற்க வேண்டும், விடுவீங்களா? அடையாள அட்டையை வாங்கி வைக்கலாம் என்று ஏஜென்சிக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார், அதை அந்த அக்காவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "போட்டோ கொப்பி எடுங்க மிஸ். அட்டை தரமாட்டன். அங்க என்ட பாஸ்போட்ட மேடம் மூணு வருசம் வெச்சிருந்தா." நான் தலையாட்டினேன். கொண்டி இல்லை, அடுத்த நாளே தச்சரைக் கூப்பிட்டுப் போட்டேன்.

இனிச் சம்பளம். ஏஜென்சிக்காரர் சொன்ன தொகை 30,000. காரணமும் கைவசம் வைத்திருந்தார்: அரசாங்கமே குறைந்தபட்சச் சம்பளம் 30,000 என்கிறது, நீங்கள் சாப்பாடு தங்குமிடம் வேறு கொடுக்கிறீர்கள், அதையும் சேர்த்தால் அரைவாசிக்கு அரைவாசி கூட. கேட்கும்போது சரி போலத்தான் இருந்தது. தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி 2026 ஜனவரியில் 30,000 ஆனது உண்மை. ஆனால் அந்தச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்குப் பொருந்தாது, ஈ.பி.எஃப்.பும் (ஊழியர் சேமலாப நிதி) அவர்களுக்கு இல்லை. அது கிடக்கட்டும், அந்த 30,000 வாங்குகிற ஆள் வேலை முடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். இவர் எங்கே போவது? அம்மா இரவில் எத்தனை தரம் எழும்புகிறா என்று ஒரு கிழமை கலண்டரில் கோடு போட்டுப் பார்த்தேன். 19 கோடு. அந்தக் கிழமை வங்கியில் காசு எண்ணும்போது எனக்கே இரண்டு தடவை பிழைத்தது.

சாப்பாட்டையும் படுக்கையையும் ஒரு சதமும் கழிக்கவில்லை. எங்களுக்கு அவிக்கிற புட்டில் இன்னொரு நீத்துப்பெட்டி, அவ்வளவுதான். அவர் எங்கள் வீட்டில் படுப்பதும் எங்களுக்குத் தேவை என்பதால், அவருக்கு வீடில்லாமல் அல்ல.

நான் விட்ட ஒரு பிழை, "நீங்க எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டது. பேசாமல் இருந்தார். கடன் இருக்கிறவர் குறைத்துத்தான் சொல்வார், வேலை கைநழுவிப் போய்விடும் என்ற பயம். பிறகு கேள்வியை மாற்றி, ஊரில் நின்றால் என்ன உழைப்பீங்க என்று கேட்டேன். கச்சான் பிடுங்கப் போனால் நாளுக்கு 2,000, ஆனால் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்தான் கிடைக்கும் என்றார். அங்கிருந்துதான் கணக்கு நேரானது. பகல் வேலைக்கு 30,000. பின்னேரத்துக்கும் இரவு எழும்புவதற்கும் 12,000. மொத்தம் 42,000. என் சம்பளத்துக்கு வங்கி ஈ.பி.எஃப். போடுகிற மாதிரி அதில் 12 வீதம், 5,040 ரூபாய், அவர் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகத்தில் போடுகிறேன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "இப்ப புத்தகம் வேணாம் மிஸ், கையில தாங்க, குழுக்கடன் கட்டோணும்" என்றார். ஒவ்வொரு கிழமையும் லோன்காரன் வாசலுக்கு வருகிறவருக்கு எதிர்காலச் சேமிப்பு பற்றி நான் வகுப்பெடுக்கிறேன், பாருங்கள். ஆறு மாதம் கையில், மறுகா புத்தகம் என்று பேசி முடித்தோம்.

லீவு விஷயத்தில் ஏஜென்சி சொன்னது மாதம் ஒரு நாள். சர்வதேசத் தொழில் அமைப்பு 2011இல் வீட்டுப் பணியாளருக்கென்று கொண்டுவந்த உடன்படிக்கையில் கிழமைக்குத் தொடர்ந்து 24 மணித்தியாலமாவது ஓய்வு என்று இருப்பதாக மச்சாள் சொன்னாள். சனி பின்னேரத்திலிருந்து ஞாயிறு பின்னேரம் என்று வைத்தோம். மறைக்காமல் சொல்கிறேன், இரண்டு தடவை என்னால் விட முடியவில்லை. அந்த நாளுக்கு ஆளுக்குக் காசு கொடுத்தேன், ஆனால் அவர் மகளின் பிறந்தநாள் அதில் ஒன்று, அதற்குக் காசு ஈடாகாது.

எல்லாவற்றையும் ஒரு சி.ஆர். கொப்பியில் இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்து வைத்தோம். ஏஜென்சியில் ஒப்பந்தப் படிவம் இருக்கிறது, ஆனால் அதில் நேரமும் இல்லை, லீவும் இல்லை. 'வீட்டாரின் சொற்படி நடத்தல்' மட்டும் தடித்த எழுத்தில்.

மூன்று புள்ளியாவது கொடுத்திருப்பேன். முதல் மாதச் சம்பளம் கொடுத்த அன்றைக்கு அவர் அரைவாசியை எண்ணித் தனியாக வைத்தார். என்ன என்று கேட்டால், ஏஜென்சிக்கு. என்னிடம் ஒரு முழு மாதத்தை வாங்கிக்கொண்டு அவரிடமும் அரை மாதம் கேட்டிருக்கிறார்கள், என்னிடம் சொல்லக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் வைத்துக் கதைப்பதற்கு ஏன் அவ்வளவு தயக்கம் என்பது அப்போதுதான் விளங்கியது. போன் எடுத்தேன். "அது அவவுக்கும் எங்களுக்கும் உள்ள விசயம் மிஸ்." அரை மணித்தியாலம் கத்திய பிறகு அவரிடம் எடுக்கமாட்டோம் என்று ஒத்துக்கொண்டார்கள். எழுத்தில் தரவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். நாலு நாளில் ஆள் காட்டினார்கள், கிராம சேவகர் சான்றிதழும் பொலிஸ் ரிப்போர்ட்டும் சரியாக இருந்தன, ஒரு கிழமை கழித்து எப்படி என்று போன் எடுத்தும் கேட்டார்கள் (என்னை மட்டும்). அவசரத்துக்கு வேறு வழி இல்லாதவர்கள் போகலாம். போனால் ஆளை வீட்டுக்கு வரச்சொல்லித் தனியாகக் கதையுங்கள், உங்களிடம் என்ன எடுக்கிறார்கள் என்று கேட்கிற வாயாலேயே அவரிடம் என்ன எடுக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

வைகாசிச் சடங்குக்குப் போனவர் ஒரு நாள் பிந்தித்தான் வந்தார். அந்த ஒன்பது நாளும் நான் லீவு போட்டு அம்மாவைப் பார்த்தேன். வந்து இறங்கியதும் அம்மா முதலில் கேட்டது, "எனக்கு விபூதி கொண்டந்தியா புள்ள?"