22,000 சரக்கு, ஒரே லிஸ்ட்: வெர்ச்சுவல் ஸ்க்ரோலுடன் மூன்று ஆண்டுகள்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு கடைக்கு, இருப்புக் கணக்கும் பில்லும் போடும் வெப் ஆப் ஒன்றை எழுதிப் பராமரித்து வருகிறேன். அதன் சரக்கு லிஸ்டில் ஏறக்குறைய 22,000 உருப்படிகள் இருக்கின்றன. பேரிங், புஷ், வாஷர், இம்பெல்லர் என்று ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து அளவுகளில் வரும். ஒரு வரிசையில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், சின்னப் படம், இருப்பு, விலை.

பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டலாமே என்று தோன்றும். முதலில் அப்படித்தான் காட்டினோம். பில் போடுபவர்களுக்கு அது ஒத்துவரவில்லை. அவர்கள் நீள நோட்டில் விரலை ஓட்டிப் பழகியவர்கள். கேட்ட அளவு இல்லை என்றால் மேலும் கீழும் இருக்கும் அளவுகளைக் கண்ணால் பார்த்து, "இது இருக்குதுங்க, போடட்டுங்களா?" என்று உடனே சொல்வார்கள். 'அடுத்த பக்கம்' பட்டன் அந்த ஓட்டத்தை நடுவில் வெட்டியது. எனவே ஒரே நீள லிஸ்ட்தான் வேண்டும் என்று முடிவானது. அதற்கு வழி வெர்ச்சுவல் ஸ்க்ரோல், அதாவது திரையில் தெரியும் வரிசைகளை மட்டும் உருவாக்கும் முறை. ஆப் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவியில் எழுதியது. இந்த முறையைச் செய்துதரும் ஆயத்த லைப்ரரிகளில், 2022 தொடக்கத்தில் ரியாக்ட்-விண்டோவில் ஆரம்பித்து, 2024இல் டான்ஸ்டாக் வெர்ச்சுவலுக்கு மாறினோம். இரண்டையும் தினமும் பத்து மணி நேரம் ஓடும் ஒரு கடையில் வைத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெர்ச்சுவல் ஸ்க்ரோலின் அடிப்படை எளியது. உள்ளே முழு லிஸ்டின் உயரத்துக்கு ஒரு காலிப் பெட்டி. வெளியே திரை அளவுக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்குள் தெரியும் வரிசைகளை மட்டும் உருவாக்கி, அவை இருக்க வேண்டிய இடத்தில் வைப்பது. ஐபோனின் டேபிள் வியூவும் ஆண்ட்ராய்டின் ரீசைக்ளர் வியூவும் பல ஆண்டுகளாகச் செய்வதும் ஏறக்குறைய இதுதான். எங்கள் வரிசை ஒன்றில் 12 எலிமென்ட்கள், அதாவது பக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல் துண்டுகள். மொத்தமாகப் போட்டால் 2,64,000. கூகுளின் பக்கச் சோதனைக் கருவியான லைட்ஹவுஸின் டாம் (பிரவுசர் வைத்திருக்கும் எலிமென்ட்களின் தொகுப்பு) அளவுச் சோதனை 800ஐத் தாண்டினாலே எச்சரித்து, 1,400க்கு மேல் போனால் பிழை என்று காட்டிக்கொண்டிருந்தது. வெர்ச்சுவல் செய்தபின் எந்த நேரத்திலும் 250 சொச்சம்தான் இருக்கும்.

இவ்வளவு எளிதாக இருந்தும் முதல் நாளே ஆப் அசையவில்லை. லைப்ரரி சரியாக இருந்தது, ஸ்க்ரோல் ஆகும் பெட்டிக்குத்தான் உயர வரம்பு இல்லை. பெட்டிகளை அடுக்கும் சிஎஸ்எஸின் ஃப்ளெக்ஸ் அமைப்புக்குள் அதை வைத்திருந்தோம். ஃப்ளெக்ஸ் பிள்ளைகள் தங்கள் உள்ளடக்கத்தைவிடச் சிறுக்க மறுக்கும் என்பதால், அந்தப் பெட்டி உள்ளே இருப்பதன் முழு உயரத்துக்கும் வளர்ந்துவிட்டது. ஜன்னல் அத்தனை பெரிதாகத் தெரிந்ததும் லைப்ரரி 22,000 வரிசைகளையும் வரைந்துவிட்டது. மின்-ஹைட் 0 என்ற ஒரு வரிதான் மருந்து. இன்றுவரை யாராவது "வெர்ச்சுவல் போட்டும் மெதுவாகவே இருக்கிறது" என்றால், பிரவுசரின் டெவ்டூல்ஸைத் திறந்து வரிசைகளை எண்ணிப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

அதன் பிறகு ஓராண்டு நிம்மதியாக ஓடியது. எல்லா வரிசைக்கும் 64 பிக்சல் என்று ஒரே உயரம். ஒரே உயரம் என்றால் கணக்கு வெறும் பெருக்கல்தான், எந்த வரிசை எங்கே என்பதில் குழப்பமே வராது. உங்களால் ஒரே உயரத்தில் நிறுத்த முடியும் என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

எங்களால் நிற்க முடியவில்லை. காரணம் தமிழ். "வெங்கலப் புஷ் உள்விட்டம் 25" என்று எழுதினால் ஃபோனில் ஒரு வரியில் அடங்காது. மடங்கி இரண்டு வரியாகும், சில மூன்றாகும். வரியை வெட்டிப் புள்ளி வைத்துக் காட்டிப் பார்த்தோம். வெட்டுப்பட்டது பெரும்பாலும் கடைசியில் இருந்த அளவு. 25க்கும் 28க்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருநாள் தவறான சரக்கு வண்டியேறிப் போனது. அன்றே முடிவு செய்தோம், பெயர் முழுதாகத் தெரிய வேண்டும், உயரம் மாறினால் மாறட்டும் என்று.

மாறும் உயரம் என்றதும் வேலையின் தன்மையே வேறு. நாங்கள் வைத்திருந்த ரியாக்ட்-விண்டோ பதிப்பு உயரத்தைத் தானாக அளக்காது, நாம்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதை எழுதிய பிரையன் வான், அதற்கு முன் எழுதிய ரியாக்ட்-வெர்ச்சுவலைஸ்டில் அளக்கும் வசதியையும் வைத்திருந்தார். ரியாக்ட்-விண்டோவைச் சின்னதாகவும் வேகமாகவும் வைக்கவேண்டி அதையெல்லாம் விட்டுவிட்டார். அதனால்தான் டான்ஸ்டாக்குக்குப் போனோம். அதில் ஒவ்வொரு வரிசையும் திரைக்கு வந்தபின் மெஷர்எலிமென்ட் வழியாக அளக்கப்படும். வரும்வரை எஸ்டிமேட்சைஸ் என்ற மதிப்பீட்டை நம்பி லிஸ்ட் நிற்கும்.

இந்த மதிப்பீட்டில்தான் எனக்கு அதிக நேரம் போனது. 64 என்று குறைவாகக் கொடுத்தால், கீழே போகப் போக உண்மை உயரம் கூடி, பிடித்து இழுக்கும் ஸ்க்ரோல்பார் கைக்குள் நழுவும். கூடியவரை பெரிய உயரத்தையே கொடுங்கள் என்கிறது அவர்களின் ஆவணம். கொடுத்தால் நேராக ஓர் உருப்படிக்குத் தாவுவது கொஞ்சம் சீராகும். ஆனால் எங்கள் லிஸ்டில் முக்கால்வாசி ஒற்றை வரி என்பதால், அப்போதும் ஸ்க்ரோல்பார் பொய்தான் சொன்னது.

சரி, பெயரின் நீளத்தை வைத்தே எத்தனை வரி வரும் என்று கணிப்போம் என்று இறங்கினேன். ஜாவாஸ்கிரிப்ட்டின் லெங்த் இங்கே நம்மைக் கைவிடும். "தண்ணீர்" நமக்கு நான்கு எழுத்து, அதற்கு ஏழு. புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் தமிழ்ப் பெயருக்கெல்லாம் ஒரு வரி அதிகமாகக் கணிக்கும். இன்ட்ல் செக்மென்டரைப் பயன்படுத்தி உண்மையான எழுத்துகளை எண்ணினேன். குரோமில் அது முன்பே இருந்தது, ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரலில் 125ஆம் பதிப்போடு வந்தது. "ணை"யும் "ர்"ரும் ஒரே அகலம் இல்லை, அதனால் இது துல்லியமும் இல்லை. ஆனாலும் ஒரு வரியா, இரண்டா, மூன்றா என்று பிரிக்க அது போதுமாக இருந்தது. 64, 88, 112 என்று மூன்று மதிப்பீடுகள். அன்றிலிருந்து ஸ்க்ரோல்பார் நழுவவில்லை என்றே சொல்லலாம்.

இதனோடு ஒட்டி வந்தது எழுத்துரு. நோட்டோ சான்ஸ் தமிழ் இறங்கி வருவதற்குள், கணினியில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவில் வரிசைகள் அளக்கப்பட்டுவிடும். எழுத்துரு மாறியதும் திரையில் இருப்பவை திரும்ப அளக்கப்படும். அதற்குள் திரையைக் கடந்து போனவற்றின் பழைய அளவு மட்டும் கேஷில், அதாவது லைப்ரரியின் நினைவில், அப்படியே இருக்கும். இரண்டு காரியம் செய்தோம். ஒன்று, லைன்-ஹைட்டை 'நார்மல்' என்று எழுத்துருவின் விருப்பத்துக்கு விடாமல் 24 பிக்சல் என்று நாங்களே கட்டிவிட்டோம். தமிழும் ஆங்கிலமும் கலந்த வரியில் இது செய்யும் வேலை பெரிது. இன்னொன்று, எழுத்துருக்கள் ஏறி முடிந்ததும் மெஷர் என்ற அழைப்பால் பழைய அளவுகளைத் துடைத்துவிடுகிறோம். ஃபோனைப் படுக்கவைத்துப் பிடித்தால் அகலம் மாறும், அப்போதும் இதே அழைப்புதான்.

ஓவர்ஸ்கேன் பற்றிச் சுருக்கமாக. திரைக்கு மேலும் கீழும் கூடுதலாக எத்தனை வரிசைகளைத் தயாராக வைப்பது என்ற எண் அது. வேகமாக உருட்டும்போது வெள்ளை இடைவெளி தெரிகிறது என்று 25 வரை ஏற்றினேன். கடையில் இருக்கும் 4 ஜிபி கணினி திணறியது. வெள்ளை தெரிந்தது பெரும்பாலும் ஸ்க்ரோல்பாரைப் பிடித்து இழுக்கும்போது, அப்போது லிஸ்ட் ஒரேயடியாக வேறு இடத்துக்குத் தாவுகிறது. பக்கத்தில் 25 தயாராக இருந்து என்ன பயன்? புதிய இடத்தில் வரைய வேண்டியது கூடுகிறது, அவ்வளவுதான். 6க்கு இறக்கி, மாறாத வரிசைகளைத் திரும்ப வரையாதபடி மெமோ செய்து, படங்களுக்கு அகல உயரத்தைக் கட்டிய பிறகு சரியானது.

ஒவ்வொரு வரிசைக்கும் அடையாளச் சாவி தரும் கெட்ஐட்டம்கீயைக் கட்டாயம் கொடுங்கள். விட்டுவிட்டால் வரிசை எண்ணே சாவியாகும். வடிகட்டினாலோ அடுக்கும் முறையை மாற்றினாலோ, முன்பு ஐந்தாவதாக இருந்ததன் உயரம் இப்போது ஐந்தாவதாக வந்ததற்குப் போய் ஒட்டும். நாங்கள் சரக்குக் குறியீட்டைக் கொடுத்திருக்கிறோம். வரிசைக்கு வெளியே மார்ஜின் வைக்காமல் உள்ளே பேடிங் வையுங்கள், மார்ஜின் அளவில் சேராது. ஒன்று விட்டு ஒன்று நிறம் கொடுக்க சிஎஸ்எஸின் என்த்-சைல்டை நம்பினால், உருட்ட உருட்ட நிறம் மினுக்கும். வரிசை எண்ணை வைத்துச் சிஎஸ்எஸ் வகுப்பைப் (கிளாஸ்) போடுங்கள்.

உயர வரம்பு ஒன்றும் உண்டு. பிரவுசர் ஓர் எலிமென்டை எவ்வளவு உயரமும் வளர விடாது. குரோமில் சுமார் 3.35 கோடி பிக்சல், ஃபயர்பாக்ஸில் சுமார் 1.78 கோடி. 40 பிக்சல் வரிசை என்றால் ஃபயர்பாக்ஸில் ஏறக்குறைய நாலரை லட்சம் வரிசையில் முட்டும். எங்களுக்கு அது தொலைவு. பதிவேடு, லாக் போன்றவற்றைக் காட்டுபவர்கள் முன்பே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

ஐபோனில் மேல்நோக்கி உருட்டும்போது வரும் துள்ளலோடு நீண்ட நாள் போராடினேன். மேலே உள்ள வரிசை அளக்கப்பட்டு உயரம் மாறியதும் லைப்ரரி ஸ்க்ரோல் இடத்தைத் திருத்தும். விரலை எடுத்தபின்னும் ஓடிக்கொண்டிருக்கும் வேகம் அந்தத் திருத்தத்தில் தடுக்கும். மதிப்பீடு நெருங்க நெருங்கத் துள்ளல் குறைந்தது. உருப்படியின் விவரப் பக்கத்துக்குப் போய்த் திரும்பும்போது, முன்பு அளந்தவற்றையும் ஸ்க்ரோல் இடத்தையும் சேமித்துத் தொடக்கத்திலேயே கொடுக்கிறோம். இனிஷியல்மெஷர்மென்ட்ஸ்கேஷ் என்று அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. பார்க்கும் இடம் நகராதபடி குரோம் தானாகச் செய்யும் ஸ்க்ரோல் நங்கூரமும் லைப்ரரியின் திருத்தமும் மோதாமல் இருக்க ஓவர்ஃப்ளோ-ஆங்கரை அணைத்துவிட்டோம்.

இதுவரை சொன்னதெல்லாம் நான் எதிர்பார்த்துத் தேடிக் கண்டது. எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னது பில் போடும் அக்கா. "தம்பி, கன்ட்ரோல் எஃப் போட்டா இருக்கிற சரக்கையே இல்லைங்குதுங்க." உண்மைதான். டாமில் இருக்கும் இருபது வரிசைகளில் மட்டும் பிரவுசர் தேடிவிட்டு இல்லை என்கிறது. அவரைப் பொறுத்தவரை சரக்கு தீர்ந்துவிட்டது என்றே பொருள். எத்தனை வாடிக்கையாளர்களிடம் அப்படிச் சொல்லியிருப்பாரோ என்று அன்று எனக்கு மிகவும் உறுத்தியது. கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் எங்கள் தேடல் பெட்டி திறக்கும்படி மாற்றி, முழுத் தரவிலும் தேடி அந்த வரிசைக்குத் தாவ வைத்தோம்.

பிரிண்டும் அப்படியே, திரையில் இருந்ததுதான் தாளில் வந்தது. தனிப் பக்கம் எழுதினோம். டேப் பட்டனால் நகர்பவர் ஒரு வரிசையில் நிற்கும்போது மவுஸால் உருட்டினால், அந்த வரிசை அழிந்து ஃபோகஸ் தொலைந்துவிடும். ரேஞ்ச்எக்ஸ்ட்ராக்டர் வழியாக ஃபோகஸில் இருக்கும் வரிசையை மட்டும் எப்போதும் உயிரோடு வைத்திருக்கிறோம். திரைவாசிப்பான் கேட்பவருக்கு மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது என்று தெரிய ஆரியா-செட்சைஸ், ஆரியா-போஸின்செட் இரண்டையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் 22,000 உருப்படி லிஸ்டை இருபது என்று அது வாசிக்கும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு வாடிக்கையாளர் லிஸ்டிலிருந்து வெர்ச்சுவலை எடுத்துவிட்டேன். அது 900 பெயர்தான். அங்கே சிஎஸ்எஸின் கன்டென்ட்-விசிபிலிட்டி ஆட்டோ போதும். திரைக்கு வெளியே இருப்பதை பிரவுசர் வரையாமல் தள்ளிவைக்கும், கன்ட்ரோல் எஃப் மட்டும் வழக்கம்போல வேலை செய்யும். குரோமில் 2020 முதல் உண்டு, ஃபயர்பாக்ஸும் சஃபாரியும் 2024இல் சேர்ந்துகொண்டன. சரக்கு லிஸ்டுக்கும் அதைப் போட்டுப் பார்த்தேன். 2,64,000 எலிமென்ட்களை ரியாக்ட் உருவாக்கித்தானே ஆக வேண்டும், திறக்கவே பல விநாடி எடுத்தது. திரும்ப டான்ஸ்டாக்குக்கே வந்துவிட்டேன்.

இன்னும் பாக்கி இருப்பது ஒன்று. நூறு வரிசைகளை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து எக்ஸலில் ஒட்டுவது கடை முதலாளியின் பழக்கம். இழுக்கும்போதே மேலே உள்ளவை டாமிலிருந்து போய்விடுவதால் பாதிதான் ஒட்டுகிறது. ஷிஃப்ட் அழுத்தி முதலையும் கடைசியையும் தொட்டால், இடையில் இருப்பது முழுவதையும் தரவிலிருந்தே நகலெடுக்கும் பட்டனை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்ச் கடைசியில் இருப்பு எடுக்கும்போது அவருக்கு அது தேவைப்படும்.