பழைய ஆல்-இன்-ஒன்னுக்கு ஒரு கன்ட்ரோலர் போர்டு: என் மேசையின் இரண்டாவது திரை

மாதம் 14-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்) வந்துவிடும், 20-ம் தேதிக்குள் 3பி (மாத வரி ரிட்டர்ன்) போட்டாக வேண்டும். நடுவில் இருக்கிற நாட்களில் ஒரு பக்கம் டேலி கணக்கு சாஃப்ட்வேர், மறுபக்கம் 2பி எக்செல் என்று வைத்துக்கொண்டு பில் பில்லாக ஒத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. 15.6 அங்குல லேப்டாப்பில் ரெண்டையும் பாதி பாதியாக வைத்தால் இன்வாய்ஸ் நம்பரின் கடைசி இலக்கம் மறைந்துபோகும். அந்த ஒரு இலக்கம் மாறினாலே பில் பொருந்தாமல் நிற்கும். வரிக் கணக்கு பார்க்கிறவர்களுக்கு இரண்டாவது திரை ஆடம்பரமே இல்லை.

ஆபீஸில் 21.5 அங்குல ஆல்-இன்-ஒன் (திரைக்குள்ளேயே கம்ப்யூட்டரும் இருக்கும் ரகம்) ஒன்று இருந்தது. 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். விண்டோஸ் 10-க்கோ வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. கிளையண்டுகளின் பாஸ்வேர்டும் டிஜிட்டல் சிக்னேச்சரும் புழங்குகிற இடத்தில் அப்படி ஒரு மெஷினை நெட்டில் ஓடவிட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. ஃபுல் எச்டி, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் ரகம், ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. இதை எடைக்குப் போடுவதா?

முதலில் எல்லோரும் செய்வது, பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் லேப்டாப் கேபிளைச் செருகிப் பார்ப்பது. பெரும்பாலான ஆல்-இன்-ஒன்களில் அது வெளியே படம் அனுப்புகிற துளை, உள்ளே வாங்காது. சில மாடல்களில் மட்டும் எச்டிஎம்ஐ இன் என்று எழுதி தனியாக ஒரு துளை இருக்கும், இன்புட் மாற்ற ஒரு பட்டனும் இருக்கும். உங்களிடம் இருப்பது அந்த ரகமானால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கேபிள் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். ஐமேக் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. 2009 கடைசியிலும் 2010-லும் வந்த 27 அங்குல ஐமேக் மினி டிஸ்ப்ளேபோர்ட் வழியாகவும், 2011 முதல் 2014 நடுப்பகுதி வரை வந்தவை தண்டர்போல்ட் வழியாகவும் வெறும் திரையாக மாறும். கமாண்ட், எஃப்2 ரெண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும். ஆனால் இணைக்கிற இன்னொரு மேக் 2019-க்குப் பிந்தையதாக இருக்கக் கூடாது. 5கே ரெட்டினா ஐமேக்கில் இந்த வசதியே கிடையாது.

அடுத்தது சாஃப்ட்வேர் வழி. விண்டோஸ் 10-லேயே வயர்லெஸ் டிஸ்ப்ளே என்று ஒரு கூடுதல் வசதி இருக்கிறது, அதை ஆல்-இன்-ஒன்னில் ஏற்றிவிட்டு லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனும் கே-யும் அழுத்தினால் படம் போகும். ஸ்பேஸ்டெஸ்க் என்கிற சாஃப்ட்வேர் இன்னும் நன்றாக வேலை செய்கிறது, முக்கியமாக இரண்டையும் லேன் கேபிளில் இணைத்தால். வீட்டு உபயோகத்துக்கு இலவசம், ஆபீஸுக்கு லைசன்ஸ் வாங்க வேண்டும். நான் சில வாரம் பார்த்தேன். எக்செல்லில் வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போது எண்கள் ஒரு கணம் பின்தங்கி வரும். என் வேலைக்கு அது ஆகாது. அதோடு காலையில் பழைய மெஷின் பூட் ஆகி முடிகிற வரை காத்திருக்க வேண்டும், கரண்டும் இரண்டு கம்ப்யூட்டருக்குப் போகும், விண்டோஸ் 10 பிரச்சினையும் அப்படியே நிற்கும்.

அப்புறம்தான் போர்டுக்கு வந்தேன்.

ஆல்-இன்-ஒன்னின் மதர்போர்டு பேனலோடு (படம் காட்டும் திரைத் தகடு) பேசுவது ஒரு மெல்லிய கேபிள் வழியாக. அந்த மதர்போர்டை எடுத்துவிட்டு, எச்டிஎம்ஐ சிக்னலைப் பேனலுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் சின்ன போர்டை அந்த இடத்தில் வைத்தால் அது சாதாரண மானிட்டர் ஆகிவிடும். நான் வாங்கியது எம்.என்டி68676 என்கிற ரகம். எச்டிஎம்ஐ, டிவிஐ, விஜிஏ மூன்றும் இருக்கிறது. 1920க்கு 1200 வரை தாங்கும். செட்டில் போர்டு, பேனலுக்குப் படம் கொண்டுபோகும் எல்விடிஎஸ் கேபிள், பின்னொளிக்கான எல்இடி டிரைவர், மெனு பட்டன்கள் கொண்ட ஒரு குட்டித் துண்டு எல்லாம் வந்தன. சென்னை ரிச்சி தெருவில் 2,200 ரூபாய். 12 வோல்ட் அடாப்டர் தனியாக 400 ரூபாய்.

கடைக்குப் போவதற்கு முன்பே ஆல்-இன்-ஒன்னைத் திறந்து பேனலின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். எல்எம்215டபிள்யூஎஃப்3 என்று இருந்தது, எல்ஜி டிஸ்ப்ளே பேனல். கம்ப்யூட்டரின் மாடல் நம்பரைச் சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே மாடலில் வேறு வேறு பேனல் போட்டு விற்றிருப்பார்கள். அங்கே இருந்த தம்பியின் முதல் கேள்வியே, "அக்கா, பேனல் நம்பர் இருக்கா?" என்பதுதான். போட்டோவைக் காட்டியதும் போனில் அந்தப் பேனலின் டேட்டாஷீட்டைத் திறந்தார். பேனலின் இணைப்பு எல்விடிஎஸ்தான், ஈடிபி என்கிற இன்னொரு முறை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டார். ஈடிபி பேனலாக இருந்தால் இந்த போர்டு உதவாது, வேறு ரகம் வாங்க வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். போர்டில் மூன்று ஜோடி ஊசிகள் நிற்கும், பக்கத்தில் 3.3, 5, 12 என்று அச்சிட்டிருக்கும். பேனலுக்கு எந்த வோல்ட் போக வேண்டும் என்பதை அரிசி அளவு கறுப்பு ஜம்பர் ஒன்று முடிவு செய்கிறது. வந்த போர்டில் அது 3.3-ல் இருந்தது. லேப்டாப் பேனலுக்கு அது சரி, என் பேனலுக்கு 5 வேண்டும். தம்பி இடுக்கியால் ஜம்பரைப் பிடுங்கி 5-ல் போட்டு, மல்டிமீட்டரை வைத்து அளந்து காட்டிய பிறகுதான் போர்டைக் கையில் கொடுத்தார். இதே ஜம்பர் 12-ல் இருந்து, பார்க்காமல் மாட்டினால் பேனல் அங்கேயே முடிந்தது. ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இதைப் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. என்னைக் கேட்டால் இரு நூறு ரூபாய் கூடப் போனாலும் நேரில் போய் வாங்குவதே மேல்.

பேனலுக்கு ஏற்ற ஃபர்ம்வேரையும் (போர்டுக்குள் ஓடும் சாஃப்ட்வேர்) கடையிலேயே ஏற்றிவிட்டார்கள். புரோகிராமர் என்கிற கருவியை விஜிஏ துளையில் செருகியே அதைச் செய்கிறார்கள். ஃபர்ம்வேர் பொருந்தாவிட்டால் படம் இரண்டாகப் பிளந்தோ, நிறம் திட்டுத் திட்டாகவோ வரும். அதற்குக் கூலி என்று எதுவும் கேட்கவில்லை.

மாட்டுகிற வேலை பொறுமை இருந்தால் நாமே செய்யலாம். என் மெஷினுக்கு அடாப்டர் வெளியே என்பதால் உள்ளே வீட்டு மின்சாரம் நேரடியாக வராது. ஐமேக் மாதிரி பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் மெஷின்களில் கை வைக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். எல்விடிஎஸ் கனெக்டர் நகத்தளவு தடிமன்தான், ஒட்டியிருக்கும் டேப்பை முதலில் உரித்துவிட்டு நேராக இழுக்க வேண்டும், சாய்த்தால் ஊசி வளையும். எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் மேசையில் பரப்பிவைத்தே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பழைய ஆல்-இன்-ஒன்னின் 19 வோல்ட் அடாப்டர் முனையும் இந்த போர்டில் கச்சிதமாக நுழைகிறது. அதைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள், இந்த போர்டு 12 வோல்ட்டுக்கானது.

மதர்போர்டும் ஃபேனும் போன இடத்தில் போர்டு தாராளமாக உட்கார்ந்தது. போர்டின் கேபிள் துளைகள்தான் பழைய ஓட்டைகளோடு பொருந்தவில்லை. டிவிடி டிரைவைக் கழற்றிய இடைவெளி வழியாக எச்டிஎம்ஐ கேபிளையும் அடாப்டர் ஒயரையும் வெளியே எடுத்தேன். பட்டன் துண்டு பின்பக்கக் கீழ் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது, விரலால் தடவிப் பார்த்து அழுத்தலாம்.

படம் எப்படி? அருமை. ஆல்-இன்-ஒன்னாக இருந்தபோது பார்த்த அதே எழுத்துத் தெளிவு, ஸ்க்ரோல் செய்தால் துளி பின்தங்கல் இல்லை. லேப்டாப்பை ஆன் செய்ததும் இதுவும் எழுந்துகொள்கிறது. விண்டோஸ் பட்டனும் பி-யும் அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுத்து, இந்தத் திரைக்கு 100 சதவீதம், லேப்டாப்புக்கு 125 சதவீதம் என்று ஸ்கேல் வைத்தபின் எழுத்து இரண்டிலும் ஒரே அளவாகத் தெரிகிறது. 2பி-யின் எல்லா நெடுவரிசையும் ஒரே பார்வையில் விழுகிறது. என் ஜூனியர் பெண் இப்போது அந்த மேசையை விட்டு எழுந்திருப்பதே இல்லை.

குறைகளும் உண்டு. மெனு சீன மொழியில் வந்தது, ஆங்கிலத்துக்கு மாற்றக் கொஞ்சம் தட்டுத் தடுமாற வேண்டும். வெப்கேம் போய்விட்டது. ஒலி, போர்டின் ஜாக் வழியாகத்தான் வரும், பழைய ஸ்பீக்கரை நான் இணைக்கவில்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி, எல்இடி டிரைவரில் அதற்கான ஒயரைச் சரியாக இணைத்திருந்தால் மட்டும்தான் வேலை செய்யும், கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வாரண்டி என்று எழுத்தில் எதுவும் கிடையாது. புது 22 அங்குல மானிட்டர் ஏழாயிரம் ரூபாய்க்குள் வாரண்டியோடு கிடைக்கிற காலத்தில், பேனலில் கோடு விழுந்திருந்தாலோ ஓரம் மஞ்சளித்திருந்தாலோ இந்தச் செலவு வேண்டாம்.

ரிச்சி தெருவுக்கு மெட்ரோவில் வருகிறவர்கள் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டிக் கிடக்கும்.

கழற்றிய மதர்போர்டையும் ராமையும் அதே தெருவில் விற்கலாம், கொஞ்சம் காசு வரும். ஹார்டு டிஸ்க்கை மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். என்னுடையதில் கிளையண்டுகளின் பான் நகலும் பேங்க் ஸ்டேட்மெண்டும் வருடக்கணக்காகக் கிடந்தன. அதை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.