பாடாங் பெசார் வழியாக ஹாட்யாய்: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

சுங்கைப்பட்டாணியில் சிறிய துணிக்கடை நடத்தும் நான், சரக்கு வாங்குவதற்காகவும் விடுமுறையில் குடும்பத்தை அழைத்துச் செல்வதற்காகவும் தென் தாய்லாந்து நகரமான ஹாட்யாய்க்குப் போக, பல ஆண்டுகளாக மலேசியா–தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசாரைப் பயன்படுத்தி வருகிறேன். புக்கிட் காயு ஹீத்தாம் நெடுஞ்சாலை எல்லையைவிட இதையே நான் விரும்புகிறேன். ஆனால் இந்த எல்லையின் வசதி முழுவதும் ரயில் நேரத்தைச் சார்ந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நேரம் தவறினால் அரை நாள் வீணாகிவிடும்.

பெர்லிஸ் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் இந்த ஊர் ரயிலை நம்பியே வளர்ந்தது. 1909-ஆம் ஆண்டு பிரிட்டனும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியவை பிரிட்டிஷார் பக்கம் வந்தன. அதையொட்டியே சயாமின் தென்பகுதி ரயில் பாதைக்காக 40 லட்சம் பவுன் கடனும் வழங்கப்பட்டது. இரு பக்கப் பாதைகளும் ஒரே மீட்டர் அளவில் போடப்பட்டு, 1918 ஜூலையில் பாடாங் பெசாரில் இணைந்தன. அப்போதும் தெற்கிலிருந்து போகும் ரயில், பேங்காக் நகரின் ஆற்றுக்கு இக்கரையிலேயே நின்றது. சாவோ பிரயா ஆற்றின் மேல் ஆறாம் ராமா பாலம் 1927-இல் திறக்கப்பட்ட பின்னரே அக்கரைக்குச் சென்றது. இன்று நாம் தேடிப்போகும் ஹாட்யாய் நகரமும் அதே பாதையின் பிள்ளைதான். பாதை போடும் ஒப்பந்தப் பணியில் ஈடுபட்ட சீன வணிகர் ஒருவர் அங்கே நிலம் வாங்கித் தெருக்களை அமைத்தார்; குன் நிபாத் என்ற பட்டம் பெற்ற அவருடைய பெயரையே நிபாத் உத்தித் என்னும் மூன்று கடைவீதிகளும் தாங்கி நிற்கின்றன. நான் துணி வாங்குவதும் அந்த வீதிகளில்தான்.

நம்மவர்களுக்கு இந்தப் பாதை வெறும் வணிகப் பாதையாக மட்டும் இருந்ததில்லை. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களில் தமிழகத்துத் தொழிலாளர்கள் ஏராளம். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, சயாம்–பர்மா மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனதும் இந்த எல்லையைத் தாண்டித்தான். 1941 டிசம்பர் 8 அன்று, ஜப்பானியப் படை தென் தாய்லாந்துக் கடற்கரை நகரமான சொங்க்லாவில் இறங்கிய அதே நாளில், பிரிட்டிஷார் பாடாங் பெசாரிலிருந்து ஒரு கவச ரயிலை அனுப்பி, குளோங் ஙே என்னும் இடத்தில் பாலத்தைத் தகர்த்தார்கள். ஹாட்யாய் செல்லும் ரயில் இன்றும் குளோங் ஙே வழியாகவே போகிறது. அந்தச் சிறிய நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் இந்த வரலாற்றை என் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் இருந்ததில்லை. இந்த எல்லை நிலையத்தில் அந்தத் தொழிலாளர்களை நினைவுகூரும் ஒரு பலகையாவது வைக்கப்பட வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

பயணத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் பட்டர்வொர்த்திலிருந்து பேங்காக்குக்கு நேரடி ரயில் இருந்தது. பாடாங் பெசாரில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளையும் கடந்து, மீண்டும் அதே ரயிலில் ஏறிக்கொள்வோம். ஈப்போவுக்கு வடக்கே 329 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்சார இரட்டைப் பாதைப் பணி 2014-இல் நிறைவடைந்து, 2015 ஜூலையில் இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் பாடாங் பெசார் வரை வந்தது. அதே ஆண்டில் கொமுட்டர் என்னும் உள்ளூர் மின்சார ரயில் சேவையும் தொடங்கியது. மலேசியப் பக்கம் இவ்வளவு முன்னேறிய நேரத்தில், 2016-இன் இறுதியோடு பட்டர்வொர்த் நேரடி ரயில் நின்றுபோனது எனக்கு இன்றும் மனக்குறைதான். இப்போது பேங்காக் ரயில் பாடாங் பெசாரிலிருந்தே மாலையில் புறப்படுகிறது. ஹாட்யாய்க்கோ காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்ற கணக்கில் சிறிய இணைப்பு ரயில்கள்தான் ஓடுகின்றன.

நடைமேடையின் வடக்கு முனையில் நின்று பார்த்தால் நிலைமை தெளிவாக விளங்கும். தலைக்கு மேலே வரும் மின்கம்பி அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஒற்றைப் பாதை, டீசல் எஞ்சின். நம் பக்கத்துக் கொமுட்டரில் குளிரூட்டியில் உட்கார்ந்து வந்தவர்கள், அங்கிருந்து ஜன்னல் திறந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். என்னைக் கேட்டால், பயணத்தின் இனிய பகுதி அதுதான்.

இந்த நிலையத்தின் பெரிய சிறப்பு, இரு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் மலேசிய நிலையத்துக்குள்ளேயே அடுத்தடுத்து இருப்பது. மலேசிய முகப்பில் வெளியேறும் முத்திரை, சில எட்டு தள்ளித் தாய்லாந்தின் நுழைவு முத்திரை, அவ்வளவுதான். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் நெடுஞ்சாலை எல்லையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, இங்கே முதியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு சிரமமின்றிக் கடந்துவிடலாம். 2025 மே மாதம் முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் மின்னியல் வருகை அட்டையை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். அதை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வரிசையில் நின்றுகொண்டு கைப்பேசியில் கடப்பிதழ் எண்ணைத் தட்டுவோர்தான் மற்றவர்களையும் தாமதப்படுத்துகிறார்கள்.

அடுத்தது கடிகாரம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. இணைப்பு ரயிலின் அட்டவணையை எந்த நாட்டு நேரத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கொமுட்டரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ரயில் போய்விட்டாலும் திரும்பி வர வேண்டியதில்லை. சாலை வழி எல்லையைக் கடந்து, தாய்லாந்துப் பக்கத்து ஊரான பெக்கான் சியாமில் வேன் பிடித்து ஹாட்யாய் போகலாம். ஆனால் முகப்பிலிருந்து முகப்புக்கு வெயிலில் நடக்க வேண்டும், வேன் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்வது நல்லது.

மொத்தச் சரக்கு எடுப்பவர்களுக்கு இந்த ரயில் ஏற்றதல்ல. கையில் தூக்கக்கூடிய இரண்டு பைகள்தான் அளவு. அதற்கு மேல் வாங்கும்போது நான் லாரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ரசீதுகளைச் சுங்கத்துக்காகத் தனியாக வைத்துக்கொள்வேன். எல்லை தாண்டாமல் சும்மா கடை பார்க்க வருபவர்களுக்கு மலேசியப் பக்கத்து ஆர்கேட் நியாகா கடைத்தொகுதி போதும்: தொழுகை உடை, போர்வை, நெகிழிப் பாத்திரம், தாய்லாந்து நொறுக்குத்தீனி என எல்லாம் ரிங்கிட்டிலேயே கிடைக்கும். விலை ஹாட்யாயைவிடச் சற்றுக் கூடுதல், பேரத்துக்கும் இடம் உண்டு. சாப்பாட்டுக்கு மட்டும் அக்கரைக்குப் போவதே சரி. பொரித்த வெங்காயத்தை மேலே தூவித் தரும் ஹாட்யாய்க் கோழிப் பொரியலும், அதோடு வரும் பசைச்சோறும் இந்தப் பக்கம் அதே சுவையில் எனக்குக் கிடைத்ததில்லை.

நவம்பர், டிசம்பர் மாதங்களில் போகத் திட்டமிடுபவர்கள் மழை நிலவரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2010 நவம்பரிலும் 2025 நவம்பரிலும் ஹாட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கியது. அப்பருவத்தில் நான் அறையை முன்பணம் கட்டிப் பதிவு செய்வதில்லை. திரும்பி வரும் நாளன்று பிற்பகல் ரயிலை நம்பாமல் காலை ரயிலையே பிடித்துவிடுகிறேன்.