பினாங்கு அரசு மருத்துவமனையின் மார்பக கிளினிக்: கட்டியை அளந்து பார்த்தார்கள்

எனக்கு வயது 26. பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் வேலை. போன வருடம் குளிக்கும்போது இடது மார்பில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வீட்டுப் பக்கத்தில் உள்ள தனியார் கிளினிக்குக்குப் போனேன். "சின்ன வயசுதானே, ஃபைப்ரோஅடினோமாவா இருக்கும், ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார் டாக்டர். இளம் பெண்களுக்கு வரும் புற்றில்லாத கட்டியாம் அது. ஸ்கேன் இல்லை, அளவுகூட எழுதவில்லை. நாலே மாதத்தில் அது எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. திரும்பவும் போனேன். அதே பதில்.

அம்மாதான் விடாமல் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார கிளினிக்குக்கு, இழுத்துப் போனார். கட்டணம் 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கே கொடுத்த கடிதத்தோடுதான் இந்த மார்பக கிளினிக்குக்கு வந்தோம்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எத்தனை மாசத்துல இவ்வளவு வளர்ந்துச்சு?" அப்புறம் சின்ன அளவுகோலைத் தோல்மேல் வைத்து நீளம், அகலம் இரண்டையும் பார்த்து, கோப்பில் படம் வரைந்து பக்கத்தில் 5 செ.மீ. என்று எழுதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றே அல்ட்ராசவுண்ட், அடுத்த வாரம் பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துச் சோதிப்பது. மரத்துப்போக ஊசி போட்டபின் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் 'டக்'கென்று சத்தம் வரும். ஒவ்வொரு தடவையும் மிஸ்ஸி (நர்ஸ்) முன்கூட்டியே "இப்ப சத்தம் வரும்மா" என்றார். பிடித்த கையை விடவே இல்லை.

வந்தது ஃபில்லோடிஸ் கட்டி. மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இராது. பார்வைக்கு ஃபைப்ரோஅடினோமா மாதிரியே இருக்கும், சில சமயம் பயாப்சியையும் ஏமாற்றும். கிடுகிடுவென்று வளர்வதுதான் சந்தேகப்பட வேண்டிய அடையாளம். மாத்திரைக்குக் கரையாது. சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே இடத்தில் திரும்ப வரலாம். எனக்கு 1 செ.மீ. விட்டு எடுத்தார்கள். கோலிக்குண்டாக இருக்கும்போதே எடுத்திருந்தால் இவ்வளவு பள்ளம் விழுந்திருக்காது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எடுத்த கட்டியைச் சோதித்த முடிவு 'பார்டர்லைன்', அதாவது சாதுவான வகைக்கும் புற்றுக்கும் நடுவில். வெட்டிய ஓரங்கள் சுத்தம், அங்கே கட்டி எதுவும் மிச்சமில்லை.

குறை என்றால் காத்திருப்புதான். ஏழரைக்கு எண் எடுத்தும் பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 வெள்ளி கட்டிப் போய் வருகிறேன். போன தடவையும் டாக்டர் பழைய படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தழும்பைச் சுற்றி விரல் விரலாக அழுத்திப் பார்த்தார். "ஒன்னும் இல்லம்மா" என்றதும், வெளியே காத்திருந்த அம்மாவிடம் ஓடினேன்.