கேமரா அசல், விற்பவர் போலி: பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

இணைய விளம்பரத்தில் பார்த்த கேமரா. நேரில் போனால் சொன்னபடியே இருக்கிறது. சென்சர் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) சுத்தம், ஷட்டர் கவுண்ட் (இதுவரை ஷட்டர் இயங்கிய எண்ணிக்கை) குறைவு, பில், பெட்டி எல்லாம் சரி. வாங்க வந்தவர் ஒரு மணி நேரம் சோதித்துத் திருப்தியாகி, விளம்பரக்காரர் கொடுத்த கணக்குக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டுக் கேமராவை எடுக்கக் கை நீட்டுகிறார். எதிரே இருப்பவர் கேமராவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, "பணம் இன்னும் வரலையே" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பணம் வரவே வராது.

இந்த ஏமாற்றில் மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான். அவன் கேமராவைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. உண்மையான விற்பவரின் விளம்பரத்தையும் படங்களையும் அப்படியே நகலெடுத்து, விலையைச் சற்றுக் குறைத்துத் தன் பெயரில் போடுகிறான். உங்களிடம், "கேமரா என் மச்சான் வீட்ல இருக்கு, போய்ப் பாருங்க. அவர் எனக்குப் பணம் தரணும், அதனால விலையைப் பத்தி அவர்கிட்ட பேச வேண்டாம், எனக்கே அனுப்பிடுங்க" என்பான். விற்பவரிடம், "என் தம்பி வந்து பார்ப்பான், அவனுக்குப் பிறந்தநாள் பரிசா வாங்கித் தர்றேன், விலையைச் சொல்லிடாதீங்க, பணத்தை நான் அனுப்பிடறேன்" என்பான். ஒருவரை ஒருவர் நம்பி இருவர் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, பணம் வேறெங்கோ போய்விடுகிறது.

கேமராவைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் விழுகிறார்கள். அவர்கள் சோதித்தது கேமராவை. பணம் யாருக்குப் போகிறது என்பதைச் சோதிக்கவில்லை. ஆகவே கேமராவைக் கையில் வைத்திருப்பவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: இது உங்களுடையதா? என்ன விலைக்கு விளம்பரம் போட்டீர்கள்? பணம் யார் கணக்குக்கு அனுப்ப வேண்டும்? கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே பணம் கொடுங்கள். கணக்கில் வரும் பெயரும் அவர் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "அவரிடம் விலை பேசாதீர்கள்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு நியாயமான காரணம் எதுவும் இருக்க முடியாது.

அட்வான்ஸ் கேட்டு ஏமாற்றுவது பழைய முறை. ஆனாலும் இன்னும் ஓடுகிறது. "இன்னும் நாலு பேர் கேட்டுட்டே இருக்காங்க, டோக்கன் போட்டா உங்களுக்கு வச்சிடறேன்" என்று அவசரப்படுத்துவார்கள். பார்க்காத பொருளுக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். விளம்பரப் படங்களை இணையத்தில் படத்தேடல் செய்து பாருங்கள். அதே படம் வேறு ஊர் விளம்பரத்தில் இருந்தால் விஷயம் முடிந்தது. தேதி எழுதிய காகிதத்தைக் கேமரா பக்கத்தில் வைத்துப் படம் கேட்பது முன்பு போதுமானதாக இருந்தது. இப்போது அதைக் கணினியில் எளிதாக ஒட்டிவிடலாம். வீடியோ அழைப்பில், இடையில் நிறுத்தாமல் கேமராவை ஆன் செய்து, மெனுவைத் திறந்து, அடியில் உள்ள சீரியல் நம்பரைக் காட்டி, லென்ஸைக் கழற்றச் சொல்லுங்கள். பொருளை வைத்திருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை.

கூரியரில் வாங்குவதானால், பார்சலைப் பிரித்துப் பார்த்த பிறகு பணம் கொடுக்க முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். முடியாது என்றால் "பொருள் வந்ததும் பணம்" என்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. உள்ளே செங்கல் இருந்தாலும் கொடுத்த பிறகுதான் தெரியும். பணத்தை இடையில் பாதுகாத்து வைக்கும் சேவை என்று விற்பவர் அனுப்பும் இணைப்பையும் தொடாதீர்கள். அப்படி ஒரு சேவை தேவையென்றால் அதன் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

அடுத்தது திருட்டுப் பொருள். வாடகைக்குக் கேமரா எடுத்து, இரண்டே நாளில் அதை விளம்பரத்தில் போட்டு விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் வீட்டுக்குக் காவல்துறை வந்தால் கேமராவும் போகும், பணமும் போகும். சந்திப்பதற்கு முன்பே அந்தக் கேமராவில் எடுத்த ஒரு ஜேபெக் படத்தை மின்னஞ்சலில் இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அரட்டைச் செயலிகளில் சாதாரணமாக அனுப்பினால் படக் கோப்புக்குள் கேமரா தானாகவே எழுதிவைக்கும் எக்ஸிஃப் விவரங்கள் அழிந்துவிடும். பல கேமராக்களில் சீரியல் நம்பர் எக்ஸிஃபில் பதிவாகும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அந்த எண், பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமராவில்) உள்ள எண், பில்லில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண் எல்லாம் பொருந்த வேண்டும். அடியில் சீரியல் ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தாலோ, ஏதோ லேபிள் கிழித்த பசை ஒட்டியிருந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சோதிக்கப் போகும்போது சார்ஜ் ஏற்றிய உங்கள் பேட்டரி, உங்கள் மெமரி கார்டு, சிறிய எல்இடி டார்ச், அதே மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வளையம்) நன்றாக வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு லென்ஸ், முடிந்தால் மடிக்கணினி, யுஎஸ்பி கேபிள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். பகல் வெளிச்சத்தில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். "பேட்டரி சார்ஜ் இல்லை, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பாருங்க" என்ற பேச்சுக்கு அப்போது இடமே இருக்காது.

ஷட்டர் கவுண்ட்டை விற்பவர் வாயால் சொல்வது ஒரு கணக்கே இல்லை. கோப்பின் பெயரில் உள்ள எண்ணும் கணக்கில்லை. அதை மெனுவிலேயே பூஜ்யமாக்கிவிடலாம். நிக்கான் கேமராக்களில் எக்ஸிஃபிலேயே உண்மையான எண் இருக்கும். கேனானில் பெரும்பாலும் இருக்காது, யுஎஸ்பி வழியே இணைத்து மென்பொருளால் படிக்க வேண்டும். கேனான் 5டி மார்க் 4-இன் ஷட்டர் 1,50,000 முறைக்கும், நிக்கான் டி850-இன் ஷட்டர் 2,00,000 முறைக்கும், நிக்கான் டி5-இன் ஷட்டர் 4,00,000 முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அதைத் தாண்டியதும் செத்துவிடும் என்று பொருளில்லை, முன்பே போகாது என்ற உத்தரவாதமும் இல்லை. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இன்னொரு ஏமாற்றம் உண்டு: வீடியோவுக்கே ஓடிய பாடியில் கவுண்ட் மிகக் குறைவாக இருக்கும், உள்ளே உழைத்த மணிநேரம் மிக அதிகமாக இருக்கும். அதனால் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட்ஷூவின் பெயிண்ட், ட்ரைபாட் துளையின் மரை, எச்டிஎம்ஐ துளையின் தளர்வு, பிடியின் ரப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். கவுண்ட் 5,000 என்று சொல்லி, ட்ரைபாட் துளையைச் சுற்றிப் பெயிண்ட்டே இல்லையென்றால் கேள்வி கேளுங்கள்.

சென்சரைச் சோதிக்க, அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப் 16 அல்லது எஃப் 22-இல் வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரை அல்லது வானத்தை எடுங்கள். மங்கலான கரும்புள்ளிகள் தூசி. ஊதினாலோ சுத்தம் செய்தாலோ போய்விடும். கீறல் போகாது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வண்ணக் கோடு வந்தால் அது லேசர் விளக்கு பட்ட சேதமாக இருக்கலாம். மேடை நிகழ்ச்சிகளில் ஓடிய கேமராக்களில் இதைப் பார்க்கலாம். பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு ஷட்டர் 30 நொடி திறந்திருக்கும்படி ஒரு படம் எடுத்து, இருட்டில் ஒளிப்புள்ளியாகத் தெரியும் பழுதான பிக்சல்கள் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். சில மாடல்களுக்கென்றே தெரிந்த குறைகள் உண்டு. 2012-இல் வந்த நிக்கான் டி600-இல் சென்சரில் துகள்கள் திரும்பத் திரும்பப் படிந்ததால், 2014-இல் நிறுவனமே ஷட்டரை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. அந்த மாடலை வாங்கினால் ஷட்டர் மாற்றப்பட்டதா என்று கேட்டே ஆக வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி பாடிகள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வரும். மொழிப் பட்டியலைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள். சென்சரில் ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு) உள்ள சில பாடிகளை அணைத்துவிட்டு அசைத்தால் உள்ளே கடகடவென்று சத்தம் வரும். அது இயல்புதான்.

லென்ஸில் முதலில் யுவி ஃபில்டரைக் கழற்றச் சொல்லுங்கள். கீறலை மறைக்கவே சிலர் அதை மாட்டி வைத்திருப்பார்கள். கழலவில்லை என்றால் லென்ஸ் கீழே விழுந்து வளையம் நெளிந்திருக்கலாம். அபர்ச்சரை முழுதாகத் திறந்து, ஒரு முனையிலிருந்து டார்ச் அடித்து மறு முனையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை ஓடினால் ஃபங்கஸ் (பூஞ்சை), பால் படிந்தது போல் இருந்தால் ஹேஸ். உள்ளே நாலு தூசி இருப்பதற்குப் பேரம் பேசலாம், பயப்பட வேண்டாம். ஹேஸ்தான் படத்தின் கான்ட்ராஸ்ட்டைத் தின்றுவிடும். பின்பக்கக் கண்ணாடியில் உள்ள கீறல் முன்பக்கக் கீறலைவிடப் படத்தில் அதிகம் தெரியும். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. தூரத்துக் கட்டடம் ஒன்றை முழு அபர்ச்சரில் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கலாம். மவுண்ட் திருகாணிகளின் தலை சிராய்த்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து, "இருங்க, பேக் பண்ணித் தர்றேன்" என்று உள்ளே எடுத்துப் போக விடாதீர்கள். உங்கள் கண்முன்னே பைக்குள் போக வேண்டும், பையின் ஜிப்பை மூடும் முன் சீரியல் நம்பரை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும். இனாமாக வரும் மெமரி கார்டை, அதன் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். எஃப்3 போன்ற மென்பொருள் போதும். போலிக் கார்டு 64 ஜிபி என்று காட்டிக்கொண்டே சில ஜிபிக்குப் பிறகு வரும் படங்களை எல்லாம் அழித்துவிடும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. பரிமாற்றத்தை நிறுத்தவோ திரும்பப் பெறவோ கேளுங்கள். பிறகு காவல்துறை. அரட்டையை அழிக்காதீர்கள், விளம்பரம் மறைவதற்குள் படம் பிடித்து வையுங்கள். நடுவில் ஒருவன் புகுந்து ஏமாற்றியிருந்தால், எதிரே இருக்கும் விற்பவரிடம் சண்டை போடாமல் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் உங்களிடம் ஒரு எண்ணிலிருந்தும் அவரிடம் வேறொரு எண்ணிலிருந்தும் பேசியிருக்கலாம். பணம் போன கணக்கின் விவரம் உங்களிடம் மட்டும்தான் இருக்கும். விளம்பரத்தின் மூலப் படங்களும் அவன் முதன்முதலில் தொடர்புகொண்ட நேரமும் அவரிடம் இருக்கும். இரண்டும் சேர்ந்த புகாராகக் கொடுங்கள்.