கும்பகோணத்தில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம்: மறுமொழியுரை தயாரித்துத் தந்த சேவை குறித்து

அரசலாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் நஞ்சை நிலத்திற்காக அம்மா தொடுத்த நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிராளி நிலத்தில் தலையிடாதபடி தடுக்கும் நீதிமன்ற உத்தரவு) வழக்கை, கும்பகோணத்தில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகம் நடத்திவருகிறது. எதிராளி எழுத்தில் தந்த பதிலான எதிர்வழக்குரை வந்த பிறகு, அதற்கு எங்கள் தரப்புப் பதிலான மறுமொழியுரையைத் தயாரிக்க அவர்கள் செய்த வேலைக்காகவே இதை எழுதுகிறேன்.

எதிராளியான தாய்மாமன் மகன் தாக்கல் செய்த எதிர்வழக்குரை மிக நீளமானது. எங்கள் பிராதில் (வழக்கு தொடுத்த மனுவில்) உள்ளவற்றை ஒவ்வொன்றாக மறுத்ததோடு, தாத்தா தன் பெயருக்கு உயில் எழுதிவைத்ததாக ஒரு புதிய பத்தியையும் அவர் சேர்த்திருந்தார். வரிக்கு வரி பதில் சொல்லவேண்டும் என்று வீட்டில் எல்லோரும் துடித்தோம். மூத்த வழக்கறிஞர் அதற்கு இணங்கவில்லை. பிராதில் சொன்னதை எதிராளி மறுக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படலாம் என்ற விதி எதிர்வழக்குரைக்கு அப்படியே பொருந்தாது என்றும், வாதி பதில் தராத காரணத்தால் மட்டும் அதில் உள்ளவை உண்மையாகிவிடாது என்றும் அம்மாவுக்குப் புரியும்வரை பொறுமையாக விளக்கினார்.

உயில் பற்றிய பத்திக்கு மட்டும் பதில் அவசியம் என்றார். எதிர்வழக்குரைக்குப் பின் வாதி உரை தாக்கல் செய்ய, எதிராளி தன் பங்குக்கு எழுப்பும் எதிர்க்கோரிக்கைக்குச் சொல்லும் பதிலைப் போன்றவை தவிர, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்; 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 8, விதி 9 அதைத்தான் சொல்கிறது. ஆகவே பிரமாண வாக்குமூலத்துடன் அனுமதி மனுவும், அதனுடன் சில பக்கங்களே கொண்ட மறுமொழியுரையும் தயாராயின. உயில் பொய் என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், அதில் குறித்த தேதியில் தாத்தா படுத்த படுக்கையாக இருந்த நிலையையும், அவர் காலமான பின் மாமாவே அம்மாவுடன் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திட்டதையும் எழுதியிருந்தார்கள். மோசடி, தகாத வற்புறுத்தல் என்று சொல்பவர் விவரங்களையும் தரவேண்டும் என்பது கட்டளை 6, விதி 4. கையெழுத்திடும் முன் முழு உரையையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார்கள். உரையில் உள்ளவை உண்மை என்று உறுதிகூறும் சரிபார்ப்புரையில் கையெழுத்திடுபவர் அவர் என்பதால் இந்த அக்கறையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உரிமையையே எதிராளி கேள்விக்குள்ளாக்கிவிட்டதால் விளம்புகைப் பரிகாரமும் (உரிமை எங்களுடையதே என்று நீதிமன்றம் அறிவிப்பதும்) கேட்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதை மறுமொழியுரையில் நுழைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. புதிய கோரிக்கைக்கு அங்கே இடமில்லை, பிராதைத் திருத்துவதே வழி என்று சொல்லி, விசாரணை தொடங்கிய பின் திருத்தம் பெறுவது கடினம் என்பதால் அதற்கான மனுவையும் உடனே போட்டார்கள். நிலவழக்கில் இந்த எச்சரிக்கையின் மதிப்பு மிகப் பெரியது.

குறையும் உண்டு. வாய்தா தேதியைக் குமாஸ்தாவிடம் நாமே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது; கட்டணத்தில் மனுச் செலவு எவ்வளவு, வழக்கறிஞர் கட்டணம் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தருவதில்லை. கேட்டால் சொல்கிறார்கள், ஆனால் கேட்கவேண்டும். இரண்டு மனுக்களும் அனுமதிக்கப்பட்டு, உயிலின் உண்மைத்தன்மை இப்போது தனி எழுவினாவாக (நீதிமன்றம் தீர்மானிக்கவேண்டிய கேள்வியாக) வனையப்பட்டுள்ளது. இவர்களிடம் செல்பவர்கள் எதிர்வழக்குரையின் முழு நகலையும், மூலப்பத்திரங்களையும், பட்டா, அடங்கல் நகல்களையும் முதல் நாளே கொண்டுபோவது நல்லது. அவற்றைப் படித்துப் பார்க்காமல் இவர்கள் கருத்துச் சொல்வதில்லை.