திருகோணமலைக்கு ஒரு மோல் என்றால், எந்த மாதிரி மோல்?

கொழும்புக்குப் போய் வந்த பிள்ளைகள் நாலு பேர் கூடினால் "எங்கட ஊருக்கும் ஒரு பெரிய மோல் வரவேணும்" என்ற பேச்சு வந்துவிடுகிறது. வரட்டும். ஆனால் மோல் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காகப் பிறந்து, அந்தக் காரணம் இருக்கும்வரை செழித்து, அது போனதும் தடுமாறியவை. அதனால் நான்கை எடுத்து அருகருகே வைக்கிறேன்: அமெரிக்காவின் சவுத்டேல், பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிற்றி, யாழ்ப்பாணம் கார்கில்ஸ் சதுக்கம், எங்கள் மத்திய வீதியும் பிரதான வீதியும். நான் கேட்கும் முதற்கேள்வி, வாங்க வருகிறவரை வாசல்வரை கொண்டுவந்து விடுவது எது என்பதுதான்.

சவுத்டேல்: மோல்களின் மூத்தது

மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரை ஒட்டிய எடைனா என்ற புறநகரில் 1956 ஒக்டோபர் 8 அன்று சவுத்டேல் திறக்கப்பட்டது. முழுவதையும் கூரைக்குள் அடைத்து, உள்ளே வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, புறநகரில் எழுந்த பெரிய மோல்களுக்கு இதுதான் முன்மாதிரி. வடிவமைத்தவர் விக்டர் குரூன். வியன்னாவில் பிறந்த யூதர், 1938 இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். பணம் போட்டது டேட்டன் குடும்பத்தின் கடை நிறுவனம். பின்னாளில் 'டார்கெட்' கடைகளைத் தொடங்கியதும் அதே நிறுவனம்தான்.

ஏன் கூரை? அந்த ஊரின் பனியையும் வெயிலையும் கழித்துப் பார்த்தால், நிம்மதியாகக் கடைக்குப் போக ஏற்ற நாட்கள் வருடத்துக்கு 126 தான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மற்ற நாட்களையும் வியாபார நாளாக்க 2 கோடி டொலர் செலவில் 72 கடைகள், நடுவில் மரம் செடியோடு ஒரு முற்றம், வெளியே ஐயாயிரம் கார்களுக்கு மேல் நிறுத்த இடம்.

இதில் இரண்டு கெட்டித்தனங்கள் உண்டு. முதலாவது, டேட்டன் தன் போட்டிக்காரரான டொனால்ட்சனையும் அதே கூரைக்குள் கூப்பிட்டது. இரண்டு பெருங்கடைகளும் ஆட்களை இழுக்கும். இடையில் உள்ள சிறுகடைகள் அந்த நடமாட்டத்தில் பிழைக்கும். இன்றும் மோல்களின் வாடகைக் கணக்கு இதே மாதிரித்தான்: ஆளை இழுக்கும் பெருங்கடை சதுர அடிக்குக் குறைவாகக் கொடுக்கும், சிறுகடை கூடுதலாகக் கொடுக்கும்.

இரண்டாவதை நம் ஊர் ஒப்பந்தக்காரர்கள் யாராவது பார்த்தால் நல்லது. கார் நிறுத்தும் நிலத்தையே இரண்டு மட்டமாக அமைத்து, வருகிறவர்களில் ஒரு பகுதி கீழ்மாடியிலும் மறுபகுதி மேல்மாடியிலும் நேராக நுழையும்படி குரூன் செய்தார். அதனால் மேல்மாடி என்று ஒதுக்கப்பட்ட மாடி அங்கே இல்லை. இலங்கையில் சபைகள் கட்டும் இரண்டு மாடிக் கடைத்தொகுதிகளில் மேல்மாடியைப் பாருங்கள்: ஒரு ரியூஷன் வகுப்பு, ஒரு தையற்கடை, மிச்சம் பூட்டு.

ஆனால் சவுத்டேல் வியாபாரிகளின் மூளையால் மட்டும் வளரவில்லை. 1954 இல் அமெரிக்க வரிச்சட்டம் புதுக் கட்டடங்களின் தேய்மானத்தை விரைவாகக் கழிக்க இடம் கொடுத்தது. புறநகரில் கட்டுவது முதலீட்டாளருக்கு வரிச் சலுகையாகிப் போனது. 1956 இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அந்த மாநகரப் பகுதியில் அப்போதே பத்து இலட்சத்துக்கு மேல் சனம், வீட்டுக்கு வீடு கார்.

பிறகு? 1992 இல் அதே மாநகரப் பகுதியில் 'மோல் ஒஃப் அமெரிக்கா' திறந்தது. இணைய வியாபாரம் வந்தது, பெருங்கடைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. சவுத்டேலில் ஒரு பெருங்கடை இருந்த இடத்தில் 2019 இல் உடற்பயிற்சி நிலையம் வந்தது. கார் நின்ற நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடைகளைச் சுற்றி வீடு, பாடசாலை, வைத்தியசாலை, ஏரி என்று ஒரு முழு ஊரையே குரூன் வரைந்து கொடுத்திருந்தார். மோல் வந்ததும் சுற்றுக்காணியின் விலை ஏறியது, காணி துண்டு துண்டாகக் கைமாறியது, ஊர் வரவில்லை. மனம் கசந்த மனிதர் 1968 இல் வியன்னாவுக்கே திரும்பிப் போனார். 1976 இல் வியன்னாவுக்கு வெளியேயும் ஒரு பெரிய மோல் திறந்தார்கள்! இந்தப் பிள்ளைகளுக்கு நான் தகப்பன் இல்லை என்ற தொனியில் அவர் கடைசிக் காலத்தில் பேசியதில் வியப்பில்லை.

இந்த மாதிரியைத் திருகோணமலையில் பொருத்திப் பார்ப்போம். நகரமே இரண்டு பக்கக் கடலுக்கு நடுவே நீண்ட ஒரு கழுத்து. அதிலும் கோட்டை, கடற்படை, துறைமுகம், அரச அலுவலகங்கள் எடுத்தது போக மிஞ்சியதில்தான் ஊர் இருக்கிறது. பெரிய காணி வேண்டுமென்றால் கன்னியாப் பக்கமோ சீனக்குடாப் பக்கமோ போகவேண்டும். 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 380,000. அதில் கார் உள்ளவர்கள் எத்தனை பேர்? 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 இல்தான் மீண்டும் திறந்தார்கள். இங்கே குடும்ப வாகனம் என்றால் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள், இல்லையென்றால் ஓட்டோ. வெட்டவெளியில் சவுத்டேலைக் கட்டினால் தரிப்பிடம் நிறைய இருக்கும், நிறுத்த ஆள் இருக்காது.

பம்பலப்பிட்டியும் யாழ்ப்பாணமும்: ஒரே வீட்டுப் பிள்ளைகள்

1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு இறக்குமதிச் சாமான் குவிந்தது. அதைக் கண்ணாடிக்குள் வைத்து விற்க இடம் தேவைப்பட்டது. கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பிளாசா வந்தது, 1991 இல் மஜெஸ்டிக் சிற்றி. மஜெஸ்டிக் தியேட்டர் இருந்த காணி அது. அதனால் படமாளிகையும் கட்டடத்துக்குள்ளேயே ஏறிக்கொண்டது. காலி வீதி பஸ் வாசலில் நிற்கும், ரயில் நிலையம் கூப்பிடு தூரத்தில். சுற்றிவரப் பாடசாலைகள். வெள்ளவத்தைத் தமிழ்ச் சனம் நடந்தே வந்துவிடும். போர்க்காலத்தில் திருகோணமலையிலிருந்து போய் லொட்ஜில் தங்கி வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் பின்னேரங்களை அங்கேதான் கழித்தார்கள். வாங்குவது குறைவு, நிற்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

2018 இல் கொழும்பு சிற்றி சென்ரர், 2019 நவம்பரில் ஒன் கோல் ஃபேஸ் என்று பளபளப்பானவை வந்தபோது பிராண்டு தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மஜெஸ்டிக் சிற்றிக்கு வயது தெரிகிறது. ஆனாலும் அது படுத்துவிடவில்லை. பஸ்ஸும் ரயிலும் நிற்கும் இடம் மாறவில்லையே.

யாழ்ப்பாணத்துக் கார்கில்ஸ் சதுக்கம் 2013 இல் திறந்தது. இதற்கும் மஜெஸ்டிக் சிற்றிக்கும் உள்ள உறவைப் பலர் கவனிப்பதில்லை. மஜெஸ்டிக் சிற்றி சிலோன் தியேட்டர்ஸ் குழுமத்தின் கட்டடம். அதே குழுமம் 1981 இல் கார்கில்ஸை வாங்கியது. 1983 இல் கார்கில்ஸ் கொழும்பில் முதல் ஃபுட் சிட்டியைத் திறந்தது. ஆகவே சூத்திரம் ஒன்றுதான்: ஃபுட் சிட்டி, சாப்பாட்டுக் கடைகள், மேலே படமாளிகை. டேட்டனின் பெருங்கடை செய்த வேலையை இங்கே சுப்பர் மார்க்கெட்டும் சினிமாவும் செய்கின்றன. இடத்தையும் பாருங்கள்: போதனா வைத்தியசாலையும் பஸ் நிலையமும் நடை தூரத்தில். தீவுப்பகுதியிலிருந்தோ சாவகச்சேரியிலிருந்தோ கிளினிக்குக்கு வந்தவர் திரும்பும் வழியில் எட்டிப் பார்க்கலாம்.

வந்த லாபமெல்லாம் கொழும்புக்குப் போகும், உள்ளூர் வியாபாரி படுத்துவிடுவார் என்ற பயம் அப்போது இருந்தது. முதற்பகுதி நியாயமான பயம்தான். இரண்டாவது பெரிதாகப் பலிக்கவில்லை என்பது என் கணிப்பு. நகைக்கு இன்றைக்கும் கஸ்தூரியார் வீதிதான். ஏசிக்காகவும் படத்துக்காகவும் சதுக்கத்துக்குப் போகிறவர்கள், தாலிக்கொடி செய்யத் தெரிந்த கடைக்குத்தான் போகிறார்கள்.

கண்டி சிற்றி சென்ரரை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. தலதா வீதியில் இருப்பதால் கண்டிப் பாணிக் கூரை, உல்லாசப் பயணிகள் என்று அதன் கதை வேறு.

எங்கள் வீதிகள்

கூரையில்லாத மோல் ஒன்று எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மத்திய வீதி, பிரதான வீதி, வடகரை வீதி, சந்தை எல்லாம் சேர்ந்தது அது. அதற்கு ஆள் கொண்டுவரும் வேலையை மூதூர், கிண்ணியா, கந்தளாய், குச்சவெளி பஸ்கள் செய்கின்றன. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்ற மிதவையில் ஏறிக் கடந்துவந்த சனம், இப்போது காலையில் வந்து மத்தியானத்துக்குள் வீடு திரும்பலாம். தீபாவளி, இரண்டு பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, நத்தார் என்று புடவைக்கடைக்கு வருடத்தில் பல தடவை சீசன். ஒரே மேசையில் மூன்று மொழியிலும் பேரம் பேசும் சேல்ஸ் பையனை ஒன் கோல் ஃபேஸில் பார்க்கமுடியாது. பழகிய முகத்துக்குக் கடன் கொப்பியும் உண்டு.

அப்புறம் குறைகளையும் சொல்லவேண்டும். ஜூன், ஜூலைக் கச்சான் காற்றில் பகல் வெயில் முகத்தில் அறையும். நவம்பர் மழையில் குடையும் பையும் பிள்ளையுமாக ஒரு கடையிலிருந்து மறு கடைக்கு ஓடவேண்டும். உட்கார ஓர் இடம் இல்லை. முக்கியமாக, கழிப்பறை. காலை ஏழு மணிக்கு வெருகலில் பஸ் ஏறி, ஆஸ்பத்திரி, வங்கி, கச்சேரி, புடவைக்கடை என்று அலையும் ஒரு பெண்ணுக்குச் சுத்தமான கழிப்பறை எவ்வளவு பெரிய வசதி என்பதை மோல் வேண்டாம் என்று எழுதும் ஆண்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை. நகரத்தில் திரியும் மான்களுக்கு மட்டும்தான் இங்கே எங்கும் படுக்கலாம் என்ற உரிமை!

என் தெரிவு

நாலில் சவுத்டேல் மாதிரி வேண்டாம். மஜெஸ்டிக் சிற்றியின் உயரமும் வேண்டாம். அத்தனை மாடிக்கு இங்கே கூட்டம் இல்லை. யாழ்ப்பாணத்து மாதிரியைச் சிறிதாக்கி, பஸ் நிலையத்திலிருந்து பையோடு நடந்து போகும் தூரத்தில், இரண்டே மாடியில் கட்டுவதுதான் பொருந்தும். மோட்டார் சைக்கிள்கள் சரிவுப் பாதையில் ஏறி மேல்மாடி வாசலிலேயே நிற்கட்டும். குரூனிடம் எடுக்கவேண்டியது இந்த ஒன்றைத்தான். நான்கு பக்கமும் கண்ணாடி போட்டு அடைக்கவும் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை மறந்துவிடமுடியாது. ஜெனரேட்டர் டீசலில் ஓடும் ஏசியின் செலவு கடைசியில் சிறுகடையின் வாடகையில்தான் வந்து விழும். நடைபாதைகள் திறந்தபடி கடற்காற்று வர இருக்கட்டும். ஏசி படமாளிகைக்கும் சுப்பர் மார்க்கெட்டுக்கும் போதும்.

இன்னொரு விஷயம், கடைகளைத் தனித்தனியாக விற்பதா, எல்லாவற்றையும் ஒரே நிர்வாகம் வைத்து வாடகைக்கு விடுவதா என்பது. விற்றால் முதலீடு உடனே திரும்பும், ஆனால் யார் என்ன கடை போடுவது என்பதில் யாருக்கும் பிடி இருக்காது. வரிசையாகப் பத்து ஃபோன் கடை வந்துவிடும். சவுத்டேலில் எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்பதை முடிவு செய்ய ஒரு நிர்வாகம் இருந்தது. இங்கே அந்த நிர்வாகத்தில் மத்திய வீதி வியாபாரிகளுக்குப் பங்கும், கீழ்மாடியில் ஒரு பகுதிக் கடைகளில் முதல் உரிமையும் எழுத்தில் இருக்கவேண்டும். வரைபடம் வரைவதற்கு முன் பேசி முடிக்கவேண்டியது இது. அத்திவாரம் போட்ட பிறகு பேசினால், அந்தக் கடைகளுக்கெல்லாம் ஏற்கெனவே முற்பணம் வாங்கியிருப்பார்கள்.